சுவருக்கும் கடைக்கும் உள்ள தொலைவு: வணிக விளம்பரமும் பொதுநல விளம்பரமும்

ஆய்வுச் சிக்கல்

வணிக விளம்பரத்தையும் பொதுநல விளம்பரத்தையும் நோக்கத்தை வைத்துப் பிரிப்பது வழக்கம். முன்னது இலாபத்துக்கு, பின்னது மக்கள் நலனுக்கு என்று ஒரு வரியில் வேறுபாடு முடிந்துவிடும். ஆனால் நோக்கம் விளம்பரம் தருபவரைச் சார்ந்தது. பார்ப்பவரிடம் விளம்பரம் எப்படி வேலை செய்கிறது, சில இடங்களில் ஏன் பலிக்காமல் போகிறது என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. விளம்பரத்தைப் படித்தவர் அடுத்துச் சென்று சேர ஓர் இடம் இருக்கிறதா என்பதை வைத்தே இரு வகைகளையும் எடைபோட வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

இந்த அளவுகோலைச் சோதிக்கச் சிற்றூரே தக்க களம். கடலூர் மாவட்டம் திட்டக்குடி வட்டத்தில் உள்ள பெண்ணாடம் பேரூராட்சியை எடுத்துக்கொள்வோம். விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் ஒரு ரயில் நிலையம், பிரளயகாலேஸ்வரர் கோயில், பக்கத்து இறையூரில் சர்க்கரை ஆலை, சுற்றிலும் கரும்பும் நெல்லும். இத்தகைய ஊர்களில் விளம்பரம் எழுதிய சுவரும் பொருள் விற்கும் கடையும் கூப்பிடு தூரத்தில் இருப்பவை. பெருநகரின் இரைச்சலில் மறைந்துபோகும் தொடர்பு இங்கே கண்ணுக்குத் தெரியும்.

விளம்பரத்தைத் தாங்கும் சங்கிலி

சந்தைக்கு வரும் எல்லாப் பொருளும் விளம்பரத்தை நம்பியிருப்பதில்லை. பெண்ணாடத்துக்கு அருகிலுள்ள விருத்தாசலத்தின் பீங்கான் கூடங்களில் பொம்மையும் அகலும் ஃபியூஸ் கேரியரும் உருவாகின்றன. அவற்றில் பெரும்பகுதி மொத்த வியாபாரி கைக்குப் போகிறது. வாங்குபவருக்குச் செய்தவர் பெயர் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் எழுவதில்லை. சோப்பும் தேயிலையும் அப்படியல்ல. முகமறியாத வாங்குபவரைப் பெயர் சொல்லிக் கேட்க வைத்தாக வேண்டும். அதற்காக நிறுவனங்கள் முதலில் கட்டியது சங்கிலியை. ஆலை, கிடங்கு, ஸ்டாக்கிஸ்ட், லைன் வண்டி, பெட்டிக்கடை என்று நீளும் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி வாங்குபவரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். சரக்கு வராத ஊரில் சுவர் எழுதுவது வீண்செலவு என்பது எந்த விற்பனைப் பிரதிநிதிக்கும் தெரியும். பொதுநல விளம்பரங்களை அச்சிடும் அலுவலகங்களில் இந்த அறிவு பெரும்பாலும் இருந்ததில்லை.

நிரோத்: அரசு கடன் வாங்கிய பாதை

இந்தக் குறையை இந்திய அரசே ஒருமுறை உணர்ந்து செயல்பட்டது. 1964-இல் கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சார்ந்த ஒரு குழு, ஆணுறையை நுகர்பொருள் போலவே சந்தைப்படுத்தலாம் என்று திட்டம் வகுத்தது. 1966-இல் ஆணுறை தயாரிக்கத் திருவனந்தபுரத்தில் இந்துஸ்தான் லேடெக்ஸ் நிறுவப்பட்டது. 1968-இல் நிரோத் என்ற ஆணுறை விற்பனைக்கு வந்தது. மூன்று கொண்ட பொட்டலம் 15 காசு. மீதிச் செலவு அரசுடையது. சுகாதார நிலையங்களில் இலவச விநியோகமும் தொடர்ந்தது.

கவனிக்க வேண்டியது விநியோகம். புரூக் பாண்ட், லிப்டன், இந்துஸ்தான் லீவர், டாடா ஆயில் மில்ஸ், யூனியன் கார்பைடு ஆகியவற்றுடன் இன்று ஐ.டி.சி. எனப்படும் புகையிலை நிறுவனமும் அப்பொறுப்பை ஏற்றது. தேயிலை, சோப்பு, சிகரெட், டார்ச் பேட்டரி போன பாதையிலேயே குடும்பக் கட்டுப்பாடும் போனது. தீப் தியாகி உருவாக்கிய தலைகீழான சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்ற முழக்கமும் புகழ்பெற்றவை. ஆனால் முக்கோணம் வெறும் ஓவியமாக நின்றுவிடவில்லை. அது வரையப்பட்ட சுவருக்குள்ளே சேவை கிடைக்கும் என்பதற்கு அது அடையாளம். வணிகச் சின்னம் எவருடைய சரக்கு என்று சொல்லும். முக்கோணம் எங்கே கிடைக்கும் என்று சொன்னது.

தமிழ்நாட்டில் குடும்ப அளவு குறைந்ததை இவ்விளம்பரத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. மாநிலத்தின் மொத்தக் கருவள விகிதம் 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வில் 1.8 என இறங்கியிருந்தது. பெண்கல்வியும் குழந்தை இறப்புக் குறைவும் அதற்கு முதன்மைக் காரணங்கள். கருத்தடை முறைகளில் பெண்களுக்கான அறுவையே பெருவாரி. ஆணுறையின் பங்கு மிகச் சிறிது. அறுவைக்கு அரசு மருத்துவமனை இருந்தது, அழைத்துச் செல்லக் கிராம சுகாதார செவிலியர் இருந்தார். ஆணுறை கடையில் இருந்தும், தெரிந்த முகங்கள் நிற்கும் கடையில் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருந்தது. பெருஞ்சுமை பெண்ணின் உடல்மேல் விழுந்ததில் இந்தக் கூச்சத்துக்கும் பங்குண்டு. ஆகவே சென்று சேரும் இடம் என்பதைக் கட்டடமாக மட்டும் கொள்ளக் கூடாது. விலையும், தலைகுனியாமல் கேட்க முடிவதும் அதில் அடங்கும்.

புள்ளிராஜா: நினைவில் நின்ற கேள்வி

இந்தக் கூச்சத்தைக் குறிவைத்தது 2000-களின் முற்பகுதியில் வந்த ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விளம்பரம். மும்பையில் பல்பீர் பாஷா என்ற பெயரில் நடந்த பரப்புரையின் தமிழ் உடன்பிறப்பு அது. யார் இந்தப் புள்ளிராஜா என்று ஊரெங்கும் பேச்சானது. ஆவலைக் கிளறிப் பின்னர் விடை சொல்லும் உத்தி, புதிய பொருளை அறிமுகப்படுத்தும் வணிகர்களுடையது. பெயரே எடுக்கத் தயங்கிய நோயை டீக்கடைப் பேச்சில் சேர்த்தது அதன் வெற்றி. ஆனால் அந்தப் பெயர் கேலிச்சொல்லாகவும் நிலைத்தது. வணிகர் தம் விளம்பரத்தை விற்பனைக் கணக்கில் அளப்பார். பொதுநல விளம்பரத்தை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று அளப்பது வழக்கமாகிவிட்டது. நினைவு நடத்தைக்கு முதற்படியாகலாம், நடத்தையின் சான்றாகாது.

விளம்பரமில்லாத கடை

இதற்கு எதிர்முனையில் மது நிற்கிறது. கேபிள் தொலைக்காட்சி விதிகள் மது விளம்பரத்தைத் தடுக்கின்றன. தமிழ்நாட்டில் 1983-இல் தொடங்கப்பட்ட அரசு மது நிறுவனமான டாஸ்மாக் 2003 முதல் சில்லறை விற்பனையையும் நடத்துகிறது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பின்னும் 4,800-க்கு மேல் எஞ்சின. விற்கும் புட்டியிலேயே மது கேடு என்ற எச்சரிக்கை உண்டு. விற்பவரும் எச்சரிப்பவரும் ஒருவரே என்ற முரண்பாட்டைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நம் கேள்விக்கு வேறொன்றே முக்கியம்: கடை இருக்கிறது, விளம்பரம் இல்லை, எச்சரிக்கை இருக்கிறது, அதைப் படித்தவர் போக இடம் அருகில் இல்லை. குடியை விட நினைப்பவருக்கு மீட்பு சிகிச்சை மதுக்கடை அளவுக்குப் பக்கத்தில் கிடைப்பதில்லை. கடையற்ற விளம்பரத்தை விளம்பரமற்ற கடை வென்றுவிடுகிறது.

சிகரெட் பெட்டி இதில் ஒரு படி முன்னே இருக்கிறது. 2016 ஏப்ரலில் எச்சரிக்கைப் படம் பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பைப் பிடித்தது. 2018 செப்டம்பர் முதல் புகையை விட உதவும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் சேர்ந்தது. அச்சுறுத்தலோடு ஒரு வழியையும் காட்டிய மாற்றம் அது.

வழி முழுமையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் போலியோ சான்று. 1995-இல் தொடங்கிய தேசியச் சொட்டுமருந்து முகாம்களின் விளம்பரம் நாளையும் இடத்தையும் சொன்னது. பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் முகாம் நின்றது, காசு கேட்கவில்லை, குழந்தையின் விரலில் வைத்த மை கணக்கேடாயிற்று. முகாமுக்கு வராத வீட்டைத் தேடி ஊழியர் போனார். 2014 மார்ச் 27-இல் இந்தியா உள்ளிட்ட உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதாகச் சான்று பெற்றது.

ஒரு மறுப்பு

பொதுநல விளம்பரம் செயலைத் தூண்டுவதோடு மனப்பாங்கையும் மெல்ல மாற்றுகிறது, அதை முகாமையும் கடையையும் வைத்து அளப்பது குறுகிய பார்வை என்று மறுக்கலாம். இதில் உண்மை இருக்கிறது; புள்ளிராஜாவே அதற்குச் சான்று. ஆயினும் மனப்பாங்கு என்ற பெயரில் எந்தச் செலவையும் நியாயப்படுத்திவிடலாம். அரசு விளம்பரங்கள் ஆட்சியாளரின் உருவப்படக் காட்சியாக மாறியது இந்த இடைவெளியில்தான். 2015 மே 13-இல் உச்ச நீதிமன்றம் அப்படங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் முதலமைச்சர், ஆளுநர், அமைச்சர் படங்களுக்கு இடம் கொடுத்துத் தளர்த்தியது. படம் யாருடையது என்பதைக் காட்டிலும், அதைப் பார்த்த குடிமகன் என்ன செய்ய முடியும் என்று கேட்பது கூர்மையான சோதனை. செய்ய ஒன்றும் இல்லையென்றால் அது பொதுநல உடை போர்த்திய வணிக விளம்பரம். அங்கே விற்கப்படுவது ஆட்சி.

முடிவு

வணிகரிடமிருந்து பொதுநல விளம்பரம் கற்க வேண்டியது பாட்டையோ நகைச்சுவையையோ அல்ல. அவை ஏற்கெனவே கைவந்தவை. சரக்கு போகாத ஊரில் சுவர் எழுதாத ஒழுக்கத்தைக் கற்க வேண்டும். எந்தத் துறையும் விளம்பரத்துக்கு நிதி கேட்கும்போது, சேவை எங்கே, எந்த நேரத்தில், என்ன விலையில் கிடைக்கும், கேட்பவரை யார் எப்படி நடத்துவார் என்ற நான்குக்கும் பெண்ணாடம் போன்ற ஒரு பேரூராட்சியை வைத்து விடை தர வேண்டும். விடை இல்லாத இடத்தில் அந்த நிதி முதலில் சேவைக்குப் போகட்டும். சுவர் பிறகு எழுதலாம்.