அன்னம் என்னும் பறவை

அன்னம் என்றதும், நீண்ட கழுத்தை வளைத்துத் தடாகத்தில் மிதக்கும் தூய வெண்பறவை ஒன்றே பலரது மனக்கண்ணில் தோன்றும். ஆங்கிலேயர் ‘சுவான்’ என வழங்கும் அப்பறவை குளிர்நாடுகளுக்கு உரியது. பாரதத்தின் வடமேற்கு எல்லைக்கு அருமையாக வழிதவறி வருவதன்றி, தென்னாட்டு நீர்நிலைகளை அது நாடுவதில்லை. அங்ஙனமாயின், சங்கப் புலவர் பாடிய அன்னம் யாது? வெறுங் கற்பனைதானோ?

சொல்லின் வரலாறு ஒரு விடை தருகின்றது. அன்னம் என்பது ஹம்ஸம் என்னும் வடசொல்லின் வழிவந்தது என்பர் மொழிநூலார். அவ்வடசொல்லுக்கு இனமானவை இலத்தீனில் ‘அன்ஸெர்’, ஜெர்மன் மொழியில் ‘கான்ஸ்’, ஆங்கிலத்தில் ‘கூஸ்’ என்பன. இவை யாவும் குறிப்பது பெருவாத்தினையே. ஒல்லாந்து அறிஞர் வோகல் எழுதி, 1962 ஆம் ஆண்டு லெய்டன் நகரில் வெளிவந்த நூலும் இதனையே விரிவாக நிறுவுகின்றது.

வாத்து என்றவுடன் முகஞ்சுளிப்போர் உளர். கொல்லைப்புறத்துச் சேற்றைக் கிளறும் பிராணியையா மங்கையர் நடைக்கு உவமை கூறினர் என அவர் வினவுவர். ஆனால், அந்த நடையே இவ்வழக்கின் சிறந்த சான்று. சுவானின் கால்கள் உடலின் பின்புறமாக அமைந்தவை. நீரில் அதன் அழகே அழகு, கரையேறினாலோ தள்ளாடும். பெருவாத்தோ நிலத்தில் நெடுநேரம் புல்மேய்ந்து, நிதானமாக அடிபெயர்த்து உலாவுவது. அன்னநடை என்னும் தொடரைப் படைத்தவர் பறவையைக் கண்ணாற் கண்டே படைத்தனர்.

அவர் கண்டது வரித்தலை வாத்தாதல் கூடும். சாம்பல் கலந்த வெண்ணிறமும், வெண்டலையின் பின்னே இரு கருங்கோடுகளும் உடையது அது. மத்திய ஆசியாவின் உயர்ந்த ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து பாரதம் புகும். 7,000 மீற்றருக்கும் மேலே அது பறந்தமையைக் கருவி பொருத்தி அறிந்துள்ளனர். ஹம்ஸங்கள் மானச ஏரிக்குத் திரும்பும் என்ற காளிதாசன் கூற்றுக்கு இதனினும் பொருத்தமான பறவை ஏது?

புறநானூற்றின் 67 ஆம் பாட்டில், பிசிராந்தையார் ஓர் அன்னச் சேவலை விளிக்கின்றார். குமரித்துறையில் அயிரை மீனை உண்டு வடமலைக்குப் பெயரும் அப்பறவை, இடைவழியில் உறையூர்க் கோப்பெருஞ்சோழனைக் காணவேண்டும் என்பது அவர் வேண்டுகோள். வரித்தலை வாத்து பெரும்பாலும் புல்லும் தானியமும் தின்பது. ஆதலின் அயிரை சற்று இடர் தருகின்றது. பயணத்தின் திசையோ முற்றும் பொருந்துகின்றது. குமரிக்கு நெடுந்தொலைவில் அல்லாத திருநெல்வேலிக் கூந்தன்குளத்திற்கு இவ்வாத்துக்கள் இன்றும் குளிர்காலத்தில் வருகின்றன.

பாலையும் நீரையும் பிரிக்கும் கதை வேறு. நன்னூலார் தலைமாணாக்கனுக்கு அன்னத்தை உவமையாக்கியதும் அக்கதையைக் கொண்டே. எப்பறவைக்கும் அவ்வாற்றல் இல்லை. ஒடித்த தாமரைத் தண்டில் கசியும் வெண்சாற்றைப் பறவை உண்பதே பாலுண்ணல் எனப்பட்டது என விளக்கினோர் உளர்.

வெண்சுவான் தமிழர் வீடுகளுள் நுழைந்தது அண்மைக் காலத்திலேயாம். ஹம்ஸம் என்னும் சொல்லை ஆங்கிலத்தில் பெயர்த்தோர், வாத்து என்றால் கவிதை கெடும் என அஞ்சினர் போலும். சுவான் என்றே எழுதினர். தமயந்தியின் முன் வெண்சுவானை நிறுத்தித் தீட்டினார் ரவிவர்மா (1848–1906). அவருடைய ஓவியங்கள் அச்சாகிச் சுவர்தோறும் தொங்கின. ஓவியம் அழகியதே, பறவைதான் அயல்நாட்டது.

ஈழத்துச் சிற்பியரிடம் இக்குழப்பம் இல்லை. அநுராதபுரத்துச் சந்திரவட்டக் கற்களில் வரிசையாக நடக்கும் அன்னங்கள் பருத்த உடலும் அளவான கழுத்தும் உடையன. அலகிலே தாமரைத் தண்டைக் கவ்வியவை. பொலன்னறுவைக் காலத்தில் அக்கற்களிலிருந்து எருது நீக்கப்பட்டது. அன்ன வரிசை நீங்கவில்லை.