கன உலோக மாசைச் சுட்டும் தாவரங்கள்

நகரங்களின் காற்றிலும் மண்ணிலும் கலந்துள்ள ஈயம், காட்மியம், துத்தநாகம், செம்பு போன்ற கன உலோகங்களை அறியத் தானாக முளைத்து வளரும் தாவரங்கள் உதவும். சாலையோரப் புல், களைச்செடிகள், மரப்பட்டையில் படரும் மாஸ் ஆகியன இவற்றுள் முக்கியமானவை. பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் லைக்கனும் இதே பணிக்குப் பயன்படுகிறது. காற்றை அளக்கும் கருவிகள் விலை மிகுந்தவை. ஒரு நகரில் சில இடங்களில்தான் அவற்றை நிறுவ முடியும். செடிகளோ தெருவுக்குத் தெரு நிற்கின்றன. மாதக்கணக்கில் படிந்த உலோகத்தைச் சேர்த்தும் வைத்திருக்கின்றன.

செயல்படும் விதம்

மாஸுக்கு உண்மையான வேர் கிடையாது. மழைநீரும் தூசியும் கொண்டுவரும் சத்துகளைக் கொண்டே பெரும்பாலும் அது வாழ்வதால், காற்றின் மாசு அதில் நேரடியாகப் பதிகிறது. பூக்கும் செடிகளில் வேர் வழியாகவும் இலை வழியாகவும் உலோகம் சேரும். இரண்டையும் பிரித்தறிய, ஒரே செடியின் இலைகளை இரு பங்காக்கி, ஒரு பங்கை மட்டும் கழுவுவார்கள். இரண்டையும் தனித்தனியே உலர்த்திப் பொடித்து, அமிலத்தில் கரைத்து அளப்பார்கள். கழுவாத இலையில் கூடுதலாகத் தென்படும் உலோகம், பெரும்பாலும் காற்றிலிருந்து மேலே படிந்த தூசியினுடையது.

எல்லாச் செடிகளும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. உலோகத்தைக் குவிப்பவை, மண்ணில் உள்ள அளவுக்கேற்ப ஏற்பவை, தண்டுக்கும் இலைக்கும் ஏறவிடாமல் தடுப்பவை என ஆய்வாளர் ஆலன் பேக்கர் 1981இல் மூன்றாக வகுத்தார். இவற்றுள் இரண்டாம் வகையே சிறந்த சுட்டி.

வரலாறு

தாதுப் படிவங்களின் மேல் வளரும் தாவரங்கள் வேறுபட்டுத் தோன்றுவதை ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா 1556இல் வெளியான தம் சுரங்கவியல் நூலில் குறித்தார். பாரிஸின் லக்சம்பர்க் பூங்காவில் செழித்திருந்த லைக்கன்கள் நகரின் பிற பகுதிகளில் அரிதாக இருப்பதைக் கண்ட ஆய்வாளர் வில்லியம் நைலாண்டர், 1866இல் அதைக் காற்றின் தூய்மையோடு தொடர்புபடுத்தினார். ஆனால் அந்தக் காலத்தில் செடிக்குள் இருக்கும் உலோகத்தை விரைவாக அளக்க வழியில்லை. 1955இல் ஆஸ்திரேலியாவின் ஆலன் வால்ஷ் முன்வைத்த அணு உறிஞ்சல் நிறமாலை முறை அந்தக் குறையைத் தீர்த்தது.

பெட்ரோலில் ஈயம் சேர்க்கும் வழக்கம் 1923இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதன் விளைவாக டென்வர் நகரச் சாலைகளை ஒட்டிய புல்லில் ஈயம் மிகுந்தும், சாலையிலிருந்து விலக விலகக் குறைந்தும் இருப்பதை ஆய்வாளர் ஹெலன் கேனன் 1962இல் காட்டினார்.

1968இல் சுவீடனின் ஓகே ரூலிங், ஜெர்முண்ட் டியூலர் இருவரும் இத்துறையின் போக்கையே மாற்றினர். உலர்தாவரத் தொகுப்புகளில் 1860 முதல் பாதுகாக்கப்பட்டிருந்த மாஸ் மாதிரிகளை எடுத்து ஈயத்தை அளந்தனர். அளவு இரண்டு கட்டங்களில் உயர்ந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்பட்ட முதல் உயர்வுக்கு நிலக்கரியும், 1950க்குப் பிந்திய இரண்டாவதற்குப் பெட்ரோலும் காரணம் என அவர்கள் விளக்கினர். எந்தக் கருவியும் இல்லாத காலத்தின் காற்றைப் பற்றிச் செடிகள் சாட்சி சொன்னது அறிவியலின் அருமையான சாதனை.

1971இல் உலோக உருக்காலைகள் நிறைந்த வேல்ஸின் ஸ்வான்சீ பள்ளத்தாக்கில், வலைப்பைகளில் மாஸை நிரப்பித் தொங்கவிட்டுக் காற்றை ஆராயும் முறை வெளியிடப்பட்டது. பல்கேரியாவிலும் போலந்திலும் டாண்டிலியனும், துருக்கியின் அண்டாலியாவில் அரளியும் ஆராயப்பட்டன. தெற்காசியாவில் சாலையோர எருக்கு இப்பணிக்கு ஏற்றதாக அமைந்தது. ஐரோப்பிய நாடுகள் 1990 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூட்டாக மாஸ் கணக்கெடுப்பு நடத்துகின்றன. ஈயம் கலந்த பெட்ரோல் படிப்படியாக ஒழிந்ததால் மாஸில் ஈயம் பெரிதும் குறைந்ததை அது பதிவுசெய்தது. இந்தியாவில் அந்தப் பெட்ரோல் 2000இல் கைவிடப்பட்டது.

போர்ட்லாண்ட்

அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் 2013இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் நகர மரங்களிலிருந்து 346 மாஸ் மாதிரிகளைத் திரட்டினர். வண்ணக் கண்ணாடி ஆலைகளின் அருகே காட்மியம் மிகுந்திருந்தது. பின்னர் அங்கு வைக்கப்பட்ட காற்றளவைக் கருவியும் அதை உறுதிசெய்தது. செய்தி 2016இல் வெளியானதும் மக்கள் கொதித்தெழுந்தனர். மாநில அரசு அத்தகைய ஆலைகளுக்குத் தற்காலிக விதிகளை வகுத்தது. 2018இல் தொழிற்சாலை நச்சுக்காற்றுக்கான புதிய விதிகளை ஏற்றது.

வரம்புகள்

இனம், இலையின் வயது, மழை, மண்ணின் அமிலத்தன்மை ஆகியவற்றைப் பொறுத்து அளவு மாறும். ஆகவே ஒரே இனத்தை, ஒரே பருவத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். மனிதர் சுவாசிக்கும் அளவைச் செடி நேரடியாகச் சொல்லாது. கருவியை எங்கே வைக்க வேண்டும் என்பதைச் சொல்லும். கருவிகள் குறைவாக உள்ள நகரங்களுக்கு இந்த உதவியே மிகப் பெரிது.