ஜே. சி. டேனியல்

மலையாளத்தின் முதல் மௌனப்படமான ‘விகதகுமாரன்’ இயக்குநர். பிறந்தது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில். மலையாள சினிமாத் தொழிலைத் தொடங்கிக் கொடுத்தவர் ஒரு தமிழ் நாடார் கிறிஸ்தவர்.

களரிப் பயிற்சியில் பித்துக்கொண்டவர் டேனியல். அந்தக் கலையைத் திரையில் காட்டும் ஆசைதான் அவரைச் சினிமாவுக்கு இழுத்தது. நிலத்தை விற்று, திருவனந்தபுரத்தில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ ஸ்டுடியோவை நிறுவினார். எழுத்து, இயக்கம், தயாரிப்பு, கதாநாயகன் வேடம் எல்லாம் அவரே. இந்தியாவெங்கும் புராணப் படங்கள் ஓடிய நாளில், இலங்கைக்குக் கடத்தப்படும் சிறுவனின் சமூகக் கதையை எடுத்தது துணிச்சல்தான்.

படம் கேப்பிடல் தியேட்டரில் வெளியானது. ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் சொல்வார்கள். நாயர் பெண்ணாகத் தலித் நடிகை பி. கே. ரோசி நடித்ததைப் பொறுக்காத கூட்டம் கல்லெறிந்தது. ரோசி ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. டேனியல் கடனில் மூழ்கி, பல் மருத்துவரானார்.

‘விகதகுமாரன்’ பிரதி ஒன்றுகூட இல்லை.

டேனியல் 1975-இல் மறைந்தார். கேரள அரசின் உயரிய திரைவிருது 1992 முதல் அவர் பெயரில் வழங்கப்படுகிறது.