ஓடைக்கரை ஓரமாகப் பிறந்த பாதை

1723, கிறிஸ்துமஸ் நாள். பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுன் பக்கத்தில் விசாஹிக்கன் ஓடை. உறைகுளிரில் ஆறு பேர் ஒருவர்பின் ஒருவராகத் தண்ணீருக்குள் இறங்கி மண்டியிட, பீட்டர் பெக்கர் ஒவ்வொருவரையும் முகம் முன்னால் சாய மூன்று முறை முக்கி எடுத்தார். அன்று மாலை ஒருவர் காலை ஒருவர் கழுவி, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொண்டார்கள். பிரதரன் சபை அமெரிக்காவில் வேர்விட்டது இப்படித்தான்.

சபை பிறந்தது ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸெனாவ் கிராமத்தில், 1708-இல். அலெக்ஸாண்டர் மாக் என்ற மாவுமில்காரரும் அவருடைய கூட்டாளிகளுமாக எட்டுப் பேர் எடர் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆயுதம் எடுக்கமாட்டோம், சத்தியப்பிரமாணம் செய்யமாட்டோம் என்பவர்களை எந்த அரசு விட்டுவைக்கும்? 1719-இல் பெக்கரோடு ஒரு கூட்டம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. பத்து வருஷம் கழித்து மாக்கும் வந்தார். மூழ்கி எழும் வழக்கத்தால் ஊரார் இவர்களை ‘டன்கர்’ என்றார்கள்.

பிறகு இவர்கள் மேற்கே வெகுதூரம் பரவியதற்குக் காரணம், இவர்களுடைய சபை வண்டியில் ஏற்றிப் போகக்கூடியதாக இருந்ததுதான் என்பேன். சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது. உழுது பிழைக்கும் ஒருவரையே சபையார் ஊழியராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆலயம் கட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. களஞ்சியத்தில் பலகை போட்டால், கால் கழுவிச் சேர்ந்து உண்ணும் அன்பின் விருந்து நடந்துவிடும். ஆட்டிறைச்சிக் குழம்பில் ரொட்டியை ஊறவைத்து, ஒரே கிண்ணத்திலிருந்து பலர் சாப்பிடுவார்கள். ஊர் விட்டுப் போகிறவர்கள் சபையிடம் ஒரு சான்றுக் கடிதம் வாங்கிப் போவார்கள். நாலைந்து குடும்பம், ஒரு மூப்பர், ஓடும் தண்ணீர் இருந்தால் போதும்.

அந்தத் தண்ணீரைச் சபைப் பெயர்களிலேயே பார்க்கலாம். கோனஸ்டோகா, கோனவாகோ, ஆன்டீட்டம், மேரிலாந்தில் பைப் கிரீக், வர்ஜீனியாவில் லின்வில் கிரீக், ஒஹாயோவில் ஸ்டோன்லிக், இண்டியானாவில் ஃபோர் மைல். எல்லாம் ஓடைகளின் பெயர்கள். வரிசையாகப் படித்தால் பாதை வந்துவிடும்.

மேற்கே போகவேண்டியவர்கள் முதலில் தெற்கே திரும்பியது மலையால். அப்பலாச்சியன் தொடர்கள் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சுவர் வைத்தாற்போல் நிற்கின்றன. நடுவே உள்ள பள்ளத்தாக்கில்தான் வண்டி ஓடும். லங்காஸ்டர், யார்க், பிறகு பொட்டோமக் ஆற்றைத் தாண்டி ஷெனன்டோவா பள்ளத்தாக்கு. சுண்ணாம்புப் பாறை மேல் படிந்த வளமான மண். வேறு சிலர் மலையைக் கடந்து, மொனொங்காஹீலா ஆற்றங்கரையில் தட்டைப்படகு ஏறி, ஒஹாயோ ஆற்றோடு இறங்கி ஒஹாயோ மாநிலத்து மயாமி பள்ளத்தாக்குக்குப் போனார்கள்.

ஷெனன்டோவா பள்ளத்தாக்குச் சாலை முன்பு பூர்வகுடிகளான இராக்வாய் மக்களின் போர்வழி. 1744-இல் லங்காஸ்டர் உடன்படிக்கையில் அந்தப் பள்ளத்தாக்கு மீதிருந்த உரிமையைக் குடியேற்ற அரசினர் அவர்களிடமிருந்து எழுதி வாங்கினார்கள். ஒஹாயோவின் தென்பகுதி, 1794-இல் ஃபாலன் டிம்பர்ஸ் போரில் பூர்வகுடிகள் தோற்று, அடுத்த ஆண்டு கிரீன்வில் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிறகே குடியேறிகளுக்கு முழுதாகத் திறந்தது. துப்பாக்கி தொடாத டன்கர்கள், துப்பாக்கி பறித்துக்கொடுத்த மண்ணில் ஏர் பூட்டினார்கள். 1782-இலேயே அடிமை வைத்திருக்கக்கூடாது என்று தீர்மானித்த மனச்சாட்சி அவர்களுடையது. அதை நான் மனதார மதிக்கிறேன். அதனாலேயே இந்த நிலத்தின் கதை எனக்குக் கூடுதலாக வலிக்கிறது.

அப்புறம் ரயில் வந்தது. நிலத்துக்கு ஆள் பிடிக்க ரயில் கம்பெனிகள் முகவர்களை அனுப்பின. 1894-இல் இண்டியானாவின் வாக்கர்டனிலிருந்து பிரதரன் குடும்பங்கள் கிரேட் நார்தர்ன் ரயில் ஏறி வடக்கு டகோட்டாவின் கான்டோவில் இறங்கின. அதற்கு முன்பே, 1891-இல், கலிபோர்னியாவின் லார்ட்ஸ்பர்க்கில் ஆளில்லாமல் கிடந்த ஒரு ஹோட்டலை வாங்கிக் கல்லூரி தொடங்கிவிட்டார்கள். இன்றைய லா வெர்ன் பல்கலைக்கழகம் அதுதான்.