உடல்-மன நலப் பயிற்சிகளும் பொது மருத்துவமும்

உடல்-மன நலப் பயிற்சிகள் என்பவை யோகாசனம், மூச்சுப் பயிற்சி, தியானம், உடல் தளர்த்தல் போன்று உடலையும் உள்ளத்தையும் ஒருசேரப் பழக்கும் முறைகளாகும். மருத்துவர் தரும் சிகிச்சையோடு சேர்த்துக் கற்பிக்கப்படும்போது இவை துணை மருத்துவம் எனவும், அச்சிகிச்சைக்குப் பதிலாகக் கொள்ளப்படும்போது மாற்று மருத்துவம் எனவும் வழங்கப்படுகின்றன. பயிற்சி ஒன்றே ஆயினும் இவ்வேறுபாடு சில நோயாளிகளுக்கு உயிரைப் பற்றியதாகும். வலிப்பு நோய்க்கான மாத்திரையைத் திடீரென நிறுத்துபவருக்கு வலிப்பு விடாமல் தொடரக்கூடும். காசநோய் மருந்தை இடையில் கைவிடுபவரிடம் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் உருவாகக்கூடும்.

அரசு மருத்துவ அமைப்பில்

இந்திய மருத்துவ முறைகளுக்கென நடுவண் அரசு 1995 இல் தனித்துறை அமைத்தது. அது 2003 இல் ஆயுஷ் எனப் பெயர் மாற்றம் பெற்று, 2014 இல் தனி அமைச்சகமானது. 2005 இல் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம், பொது மருத்துவம் நடைபெறும் அதே வளாகத்தில் ஆயுஷ் பிரிவுகளையும் அமைக்க வழி செய்தது. தமிழ்நாட்டில் சென்னை அரும்பாக்கத்தில் 2000 ஆம் ஆண்டு முதல் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இத்துறையின் பட்டப்படிப்பு ஐந்தரை ஆண்டுகள் கொண்டது. இதைப் படித்தவரும், சில வாரப் பயிற்சியில் சான்றிதழ் பெற்றவரும் பேச்சு வழக்கில் 'யோகா மாஸ்டர்' என்றே அழைக்கப்படுவதுண்டு. நோயாளியைப் பொறுத்தவரை இது சிறிய குழப்பம் அன்று.

தருமபுரி மாவட்டத்தில்

மலைகளும் தொலைவான சிற்றூர்களும் கொண்ட தருமபுரி மாவட்டத்தில் அடிப்படை மருத்துவம் எட்டுவதே நெடுங்காலம் சிக்கலாக இருந்தது. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே அமைந்த சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவர் இணையரான ரெஜி ஜார்ஜ், லலிதா ஆகியோர் 1993 இல் பழங்குடியினருக்கான நலவாழ்வுப் பணியைத் தொடங்கினர். ஓலைக் குடிசையில் தொடங்கிய அது பின்னர் மருத்துவமனையாக வளர்ந்தது. உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களே நலப் பணியாளர்களாகப் பயிற்றுவிக்கப்பட்டனர். இது யோகப் பயிற்சித் திட்டம் அன்று. எனினும், துணைப் பயிற்சி எதையும் சேர்ப்பதற்கு முன் நோயறிதல், மருந்து, மேல்சிகிச்சைக்கு அனுப்பும் வழி ஆகியவை இருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

2004 வரை தருமபுரியோடு இணைந்திருந்த கிருட்டிணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகத்து 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. குருதி அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டு சேர்ப்பது இதன் முதன்மைப் பணியாகும். மாத்திரை ஒழுங்காக உட்கொள்ளப்படுகிறதா என்பது வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும் என்பதால், இத்தகைய ஏற்பாட்டோடு இணையும் பயிற்சி வகுப்பு தனித்து நடக்கும் வகுப்பைவிடப் பாதுகாப்பானது எனலாம்.

ஆய்வு முடிவுகள்

மாரடைப்பிலிருந்து மீண்டோருக்கு யோகம் கற்பிக்கும் 'யோகா-கேர்' என்னும் ஆய்வு இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் 3,959 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு, 2020 இல் வெளியானது. வழக்கமான இதயச் சிகிச்சை இரு குழுவினருக்கும் அளிக்கப்பட்டது. யோகம் பயின்றோர் தம் உடல்நலத்தைச் சற்று மேலானதாக மதிப்பிட்டனர். அன்றாட வேலைகளுக்கு நன்கு திரும்பினர். ஆனால் இறப்பு, மீண்டும் மாரடைப்பு முதலியவற்றில் புள்ளியியல் நோக்கில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. முதற்பகுதியை மட்டும் கூறி இரண்டாவதை மறைத்தால், கூறியது உண்மையே ஆனாலும் கேட்பவர் ஏமாற்றப்படுகிறார்.

தீங்கும் உண்டு. சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 75 யோகப் பயிற்சியாளர்களிடம் மேற்கொண்டு 2006 இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காவது கண்டறியப்பட்டது. கண் அழுத்த நோய் உள்ளவருக்கு இது பார்வையைப் பாதிக்கக்கூடியதாகும். கபாலபாதி மூச்சுப் பயிற்சியால் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்த நிகழ்வு ஒன்று 2004 இல் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. தீவிரத் தியானத்தை அடுத்து மனநோய் அறிகுறிகள் தோன்றியதாகவும் மருத்துவ அறிக்கைகள் உள்ளன.

பொறுப்பான நடைமுறை

சேர்க்கையின்போதே நோய், உட்கொள்ளும் மருந்து, கருவுற்றிருத்தல், கண் நோய், முன்னர் இருந்த மனநோய் ஆகியவை கேட்டுப் பதிவு செய்யப்படுகின்றன. மருந்தின் அளவை மாற்றும் உரிமை மருத்துவருக்கே உரியது. இன்சுலின் செலுத்திக்கொள்பவர் புதிதாக உடற்பயிற்சி தொடங்கினால் குருதிச் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் நேரலாம். ஆகவே பயிற்சியின் பயனாகச் சர்க்கரை குறைந்தாலும் மருந்தைக் குறைப்பது பரிசோதனைக்குப் பின்னரே நிகழ வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தற்கொலை எண்ணம் ஆகியவற்றைக் கூறுபவரை வகுப்பில் அமர்த்தி வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் பயிற்றுநரின் கடமையாகும்.

சட்ட நிலை

நீரிழிவு, புற்றுநோய், வலிப்பு முதலிய நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துகளுக்கோ தாயத்து, மந்திரம் போன்றவற்றுக்கோ விளம்பரம் செய்வதை 1954 ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. பயிற்சி வகுப்புகள் அச்சட்டத்தில் பெயர் சுட்டப்படவில்லை. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சித்த மருத்துவத்தில் சிறப்பு மருத்துவம் என்னும் பிரிவில் பட்டமேற்படிப்பு முடித்தவர்களையும் மனநல வல்லுநர்களாக ஏற்கிறது. யோகப் பயிற்றுநர்கள் அவ்வரையறைக்குள் வருவதில்லை.