படச்சுருள் முதல் கிளவுட் வரை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

இன்று ஆவணப்படம் எடுப்பவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் இருப்பதில்லை. கேமராக்காரர் ஒரு நாட்டில், இயக்குநர் இன்னொரு நாட்டில், எடிட்டர் தன் வீட்டில். எடுத்த காட்சிகள் இணையம் வழியே கிளவுடில் சேர்கின்றன. கருவி புதிது. ஆனால் சிதறிக் கிடக்கும் காட்சிகளைச் சேர்க்க வேண்டும், சேர்த்ததைக் காப்பாற்ற வேண்டும் என்ற இரண்டு கவலைகளும் நூறாண்டுப் பழமையானவை.

ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி என்பவர் கனடாவின் வடபகுதியில் இனூயிட் மக்களின் வாழ்க்கையைப் படம்பிடித்து வந்தார். 1916இல் டொராண்டோ நகரில் சிகரெட் நெருப்பு பட்டு, சுமார் 30,000 அடி நெகட்டிவ் எரிந்துபோனது. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சட்டென்று பற்றிக்கொள்ளும். போட்டுப் பார்ப்பதற்கான ஒரு பிரதி மட்டும் தப்பியது. அதிலிருந்து மறுபிரதி எடுக்க இயலவில்லை. அவர் மீண்டும் வடக்கே போய்ப் புதிதாகப் படமெடுத்தார். 1922இல் வெளிவந்த 'நானூக் ஆஃப் தி நார்த்' அப்படிப் பிறந்ததுதான்.

அடுத்தவர் நம்மவர், கோட்டையூர் ஏ.கே. செட்டியார். 1937 அக்டோபர் 2 அன்று கப்பல் பயணத்தில் அவருக்கு காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் வந்தது. காந்தியைப் பல நாட்டுக் கேமராக்காரர்கள் முப்பது ஆண்டுகளாக எடுத்த காட்சிகள் உலகமெங்கும் கிடந்தன. செட்டியார் கண்டம் விட்டுக் கண்டம் போய், ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்து, சுமார் 50,000 அடி படச்சுருளைத் திரட்டினார். 1940இல் படம் தமிழில் வெளியானது. பிறகு அந்தத் தமிழ் வடிவம் தலைமுறைகளுக்குக் காணக் கிடைக்காமல் போயிற்று. பல்லாண்டு கழித்து ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி தேடிக் கண்டெடுத்தது, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்த ஆங்கில வடிவம். ஒரு லட்சம் மைல் அலைந்து சேர்த்த உழைப்புக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள்.

இனி இணையக் காலம். 2010 ஜூலை 24 அன்று உங்கள் வாழ்வில் நடப்பதைப் படமெடுத்து அனுப்புங்கள் என்று யூடியூப் மூலம் உலக மக்களுக்கு அழைப்பு விடுத்தார்கள். 192 நாடுகளிலிருந்து சுமார் 80,000 காணொளிகள், 4,500 மணி நேரம் வந்து குவிந்தது. ஒருவர் இரவு பகல் தூங்காமல் பார்த்தாலும் 187 நாள் ஆகும்! இணைய வசதி குறைந்த இடங்களுக்குச் சுமார் 400 கேமராக்களை அனுப்பி, மெமரி கார்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். பல மொழி தெரிந்த இருபதுக்கும் மேற்பட்டோர் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்து, குறிப்பெழுதி, நட்சத்திர மதிப்பெண் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் இயக்குநர் கெவின் மெக்டொனால்டும் எடிட்டர் ஜோ வாக்கரும் ஒன்றரை மணி நேரப் படமாக 'லைஃப் இன் எ டே'யைத் தொகுக்க முடிந்தது. காட்சிகளைக் கொண்டுவந்தது இணையம். அவற்றுக்குப் பெயரும் குறிப்பும் கொடுத்தவர்கள் மனிதர்கள்.

இன்றைய குழுக்களின் ஒழுங்கும் இதுவே. படப்பிடிப்பு முடிந்த அன்றே கார்டை இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகலெடுப்பார்கள். நகல் மூலத்தோடு சற்றும் பிசகாமல் ஒத்திருக்கிறதா என்று மென்பொருள் சரிபார்க்கும். அதற்கு முன் கார்டை அழிக்கக் கூடாது. மூலக் கோப்புகள் மிகப் பெரியவை என்பதால், 'ப்ராக்ஸி' என்ற சிறிய நகலை முதலில் கிளவுடில் ஏற்றுவார்கள். எடிட்டர் அதை வைத்து வெட்டி ஒட்டுவார். இயக்குநர் எந்த நொடியில் என்ன மாற்றம் வேண்டும் என்று அங்கேயே எழுதுவார். கடைசியில் மூலக் காட்சிகளை அந்தந்த இடத்தில் பொருத்துவார்கள். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் தேதி, இடம், கேமரா எண், கார்டு எண் இருக்கும். வருகைப் பதிவேடு மாதிரி! பதிவேட்டில் இல்லாத பிள்ளையை எந்த வகுப்பில் தேடுவது?

கிளவுட் என்பது வானத்தில் இல்லை. யாரோ ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில் ஓடும் கணினிகள்தான். வாடகை நின்றால் இடம் போகும். 'சிங்க்' போட்டிருந்தால் போனில் அழிப்பது அங்கேயும் அழியும். அதனால்தான் இத்துறையில் 3-2-1 என்று ஒரு விதி சொல்வார்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வேறு இடத்தில்.

ஃபிளாஹெர்ட்டிக்கு இரண்டாவது நெகட்டிவ் இல்லை. செட்டியாரின் தமிழ்ப் படத்துக்கு அதைப் பாதுகாக்க ஓர் இடம் அமையவில்லை. நமக்கு இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. உங்கள் தாத்தா, பாட்டி பேசிய காணொளி போனில் ஒரே பிரதியாக இருக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பெயர், ஊர், தேதி எழுதி, இன்னும் இரண்டு இடங்களில் வையுங்கள். செய்து முடித்தவர்கள் கீழே ஒரு வரி எழுதுங்கள், மகிழ்வேன்.

வாழ்க நலமுடன்.