பீரங்கியில் விதை போட்ட ஓவியர்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸப்பில் ஒரு வரைபடம் அனுப்பினான். முதுகில் சுமந்துபோய் மலையடிவாரத்தில் நிறுத்தி, ஆள் ஏற முடியாத பாறைச் சரிவுக்கு விதைப்பந்துகளை எறியும் கவண் பொறி. அவனே வடிவமைத்தது. "முன்னாடி யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா சார்?" என்று கேட்டிருந்தான். பதில் நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாக இங்கேயே எழுதுகிறேன்.

செய்திருக்கிறார்கள். அதுவும் ஓர் ஓவியர். பெயர் அலெக்ஸாண்டர் நாஸ்மித் (1758–1840), ஸ்காட்லாந்துக்காரர். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் புகழ்பெற்ற உருவப்படத்தை வரைந்தவர் இவர்தான். தோட்டங்களையும் நிலக்காட்சிகளையும் அமைக்கப் பெரிய மனிதர்கள் இவரிடம் யோசனை கேட்பார்கள். டன்கெல்ட் ஊரருகே அத்தோல் பிரபுவுக்குச் சொந்தமான ஒரு மொட்டைப் பாறைக்குன்று இருந்தது. அதில் மரம் வளர்க்கப் பிரபுவுக்கு ஆசை. மரம் நடுவதில் பித்துப் பிடித்த குடும்பம் அது; தலைமுறை தலைமுறையாக 1 கோடிக்கும் மேல் லார்ச் மரங்களை நட்டவர்கள். ஆனால் இந்தச் செங்குத்துப் பாறையில் யார் ஏறுவது?

மாளிகை வாசலில் விசேஷ நாட்களில் மரியாதை வேட்டு போட இரண்டு சிறு பீரங்கிகள் நின்றன. நாஸ்மித்தின் கண் அவற்றின் மேல் விழுந்தது. ஊர்த் தகரக் கொல்லரிடம் மூடி போட்ட டப்பாக்கள் செய்யச் சொன்னார். பலவகை மர விதைகளை அவற்றில் நிரப்பிப் பாறையை நோக்கிச் சுட்டார். டப்பாக்கள் மோதி வெடித்து விதைகள் நாலாபுறமும் சிதறின. சில ஆண்டுகள் கழித்து அவர் திரும்பப் போய்ப் பார்த்தபோது, பாறை இடுக்குகளில் மரங்கள் செழித்திருந்தன.

இதை எழுதி வைத்தவர் அவர் மகன் ஜேம்ஸ் நாஸ்மித். நீராவிச் சம்மட்டியை உருவாக்கிய பொறியாளர். அவருடைய தன்வரலாறு வெளிவந்தது 1883இல். தந்தை இறந்து 43 ஆண்டுகளுக்குப் பிறகு. அப்பாவின் பெருமையை மகன் சொல்லும்போது கொஞ்சம் உப்பு புளி கூடியிருக்கலாம். சான்று யாருடையது என்று கேட்கச் சொல்லி வகுப்பில் உங்களை நச்சரித்தவன் நான், இங்கே விட்டுவிட முடியுமா?

ரெஜினால்ட் ஃபாரர் என்ற ஆங்கிலேயத் தாவரப் பிரியரைப் பற்றியும் ஒரு கதை உண்டு. யார்க்‌ஷயரில் தன் ஊர்ப் பாறைமுகத்தில் வேட்டைத் துப்பாக்கியால் விதைகளைச் சுட்டாராம். இலங்கைக்கு வந்து பௌத்தரானவர் இவர்.

மாணவனுக்குச் சொல்ல வேண்டியது இனிமேல்தான். நாஸ்மித்துக்குக் கைகொடுத்தது பீரங்கி மட்டுமல்ல. அந்த இடுக்குகளில் ஏற்கெனவே மண் இருந்தது. ஸ்காட்லாந்தின் ஈரமும் இருந்தது. டப்பா உடைந்து சிதறியதால்தான் விதைகள் பல இடுக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தன. உன் களிமண் பந்து பாறையில் பட்டு அப்படியே உருண்டு அடிவாரத்துக்கு வந்துவிட்டால் என்ன பயன்? மோதும் வேகத்திலேயே நொறுங்கிவிட்டால், வெளியே கிடக்கும் விதையை எறும்பும் பறவையும் எலியும் விட்டுவைக்குமா? எத்தனை மீட்டர் போகிறது என்று அளந்திருக்கிறாய், நல்லது. எத்தனை பந்து இடுக்கில் தங்குகிறது என்பதையும் எண்ணிப் பார்.

விதைப்பந்து வீசும் விழாக்கள் பலவற்றுக்கு நானும் போய்ப் படத்தில் நின்றிருக்கிறேன். அந்த இடங்களில் ஒன்றுக்குக்கூட மறுபடி போய்ப் பார்த்ததில்லை. இது என் மேலேயே எனக்குள்ள குறை. நாஸ்மித் போய்ப் பார்த்தார்.

ஆகவே தம்பி, இந்த மழைக்கு முன் நீ எறி. மழைக்காலம் முடிந்ததும் சொல், நானும் வருகிறேன். முழங்கால் ஒத்துழைக்காது, அடிவாரம் வரைதான். பைனாகுலர் எடுத்து வா.